பழைய நாவலைப் பாதியில் மூடாமல் படிக்க

ராத்திரி அடுப்படியைத் துடைத்து வைத்த பிறகு, பெரியவர்கள் புகழும் நாவல்களாக எடுத்துப் படித்து வருகிறேன். சிலது பிடித்தது, சிலது பிடிக்கவில்லை. எனக்குக் கைகொடுத்த வழிகள் இவை.

1. எடுத்த எடுப்பில் தலையணை மொத்தத்தில் வாங்காதீர்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) சின்னப் புத்தகம். கொங்கு நாட்டுக் கிராமத்தில் கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். நாலே நாளில் முடித்தேன். முடித்த அன்று தூக்கம் வரவில்லை.

2. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பல பதிப்புகளில் கதையின் முடிவு அங்கேயே இருக்கிறது.

3. தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. ஐந்து பாகத்தையும் ஒரே லீவில் முடிக்கப் பார்த்து, மூன்றாம் பாகத்திலேயே சலித்துப்போனேன். அத்தியாயம்தோறும் ஓர் இக்கட்டில் நிறுத்துவது, அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தவர்களுக்காக. தினம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டதும் வந்தியத்தேவன் கூடவே வர ஆரம்பித்துவிட்டான். 'மதுரைத் திட்டம்' மின்நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

4. ரஷ்ய நாவலுக்கு ஒரு காலண்டர் அட்டை வேண்டும். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்' நாவலை இரண்டு தடவை மூடி வைத்தேன். காரணம் பெயர்கள்தான். ரஸ்கோல்னிகோவ், ரோடியோன் ரோமானோவிச், ரோத்யா மூன்றும் ஒரே ஆள். நடுவில் வருவது அப்பா பெயர்: ரோமானின் மகன் ரோமானோவிச், மகள் ரோமானோவ்னா. அதனால் தங்கை துன்யா, அவ்தோத்யா ரோமானோவ்னாவும் ஆகிறாள். பழைய காலண்டர் அட்டையை நீளமாக வெட்டி, ஆளுக்கு ஒரு வரி எழுதி, அதையே பக்க அடையாளமாகவும் வைத்தேன். பாதிப் புத்தகத்துக்குப் பிறகு அட்டையைப் பார்க்கவே தேவைப்படவில்லை. கொலை செய்தவனுக்கு வந்த காய்ச்சல் எனக்கே வந்ததுபோல இருந்தது.

5. பழைய நடை ஓடவில்லையா, வாய்விட்டுப் படியுங்கள். 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலை அத்தை கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். நீண்ட வாக்கியம் மூச்சு விடும் இடத்தில் தானாகப் பிரிகிறது. உபதேசம் வரும் பக்கங்கள் எனக்கு அலுப்புத்தான், அவற்றைத் தாண்டினேன். ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் கட்டத்தில் அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

6. பிடிக்காததைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடாதீர்கள். இருபது வயதில் 'மோகமுள்' படித்தபோது பாபு மேல் எரிச்சல்தான் வந்தது. நாற்பதில் ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் இடங்களுக்காகவே மறுபடி படித்தேன்.

7. வட்டாரச் சொல்லுக்கு அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' குமரி மாவட்டப் பக்கத்துக் கதை, பனையேறிகள் வருகிறார்கள். எதிர்வீட்டு நாகர்கோவில் அக்காவிடம் கேட்டேன். பதநீரை அவர்கள் அக்கானி என்பார்களாம். சின்ன வயதில் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும்போது அடுப்பருகே காத்து நின்றதை அரைமணி நேரம் சொன்னார். புத்தகம் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.