ரோசாவின் மலைநாட்டு உறவு

கல்முனைக் கலியாண வீடுகளில் தெளிக்கும் பன்னீர் ரோசாவிலிருந்து வடிப்பது. அவ்வூர்ப் பழக்கடைகளில் அடுக்கிவைக்கும் அப்பிளும் ரோசாக் குடும்பத்ததே. இமயமலைச் சாரலில் வளரும் சோர்பஸ் வெஸ்டிடா என்னும் மரமும் அக்குடும்பத்தைச் சேர்ந்தது.

'வெஸ்டிடா' என்னும் இலத்தீன் சொல் 'ஆடை உடுத்தது' எனப் பொருள்படும். இலையின் அடிப்புறத்தை வெண்ணிற மென்மயிர் போர்த்திருத்தலின் பெயர் பொருத்தமுடையதாயிற்று. குளிர்காலத்தில் இம்மரம் இலைகளை உதிர்த்துவிடும்.

இலையையும் உருவத்தையும் மட்டும் நோக்கின் உறவு புலப்படாது. காட்டு ரோசா, அப்பிள், இம்மரம் ஆகிய மூன்றின் பூக்களும் ஐந்து இதழும் பல கேசரங்களும் உடையன. இதன் காயோ சிற்றப்பிளை ஒத்தது.

நாம் மாணவராயிருந்தபோது 'ரோசேசியே' என்னும் பெயரை மனனஞ் செய்தோமேயன்றி, ஒரு பழத்தையேனும் வெட்டிப் பார்த்தோமில்லை. இன்றைய மாணவர் அக்குறையைத் தீர்ப்பாராக. அப்பிளைக் குறுக்கே வெட்டின் ஐந்து அறைகள் தோன்றும்; பாடமும் அங்கே தெளிவாகும்.