நீர்வழியும் இருப்புப்பாதையும்

விரைவே பயணத்தின் பெருமை என்று கருதும் காலம் இது. இக்காலத்திலும் மனிதர் நடக்கும் வேகத்தில் செல்லும் படகுகளை விரும்பி ஏற்பவர்கள் உள்ளனர். இங்கிலாந்திலும் வேல்சிலும் கால்வாய்களிலும் ஆறுகளிலும் 30,000-க்கும் மேற்பட்ட படகுகள் இன்று மிதக்கின்றன. அவற்றுள் பல, மக்கள் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீடுகள். அப்படகுகளை அடையவும் அவற்றிலிருந்து பணிக்கும் பள்ளிக்கும் சென்று திரும்பவும் தொடர்வண்டியும் பேருந்தும் துணைநிற்கின்றன. கால்வாயை வீழ்த்திய இருப்புப்பாதையே இன்று கால்வாய்க்கு ஆள் சேர்க்கும் வியப்பை இப்பாடம் விளக்குகிறது.

கால்வாய் பிறந்தது

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சாலைகள் மழைக்குச் சேறாகவும் வெயிலுக்குப் புழுதியாகவும் கிடந்தன. அத்தகைய சாலையில் ஒரு குதிரையால் ஏறத்தாழ ஒரு டன் சுமையையே இழுக்க முடிந்தது. அதே குதிரை கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுத்தால் இருபத்தைந்து முதல் முப்பது டன் வரை நகர்த்தியது. நீரின் இவ்வாற்றலைக் கண்ட பிரிட்ஜ்வாட்டர் பிரபு, வோர்ஸ்லியில் இருந்த தம் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டினார். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் அப்பணிக்குத் துணைநின்றார். 1761-இல் அக்கால்வாய் திறக்கப்பட்டது. மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதைக் கண்ட முதலீட்டாளர்கள் நாடெங்கும் கால்வாய் வெட்ட முனைந்தனர்.

இக்கால்வாய்கள் பலவற்றில் ஓடுவதற்கென ஒடுங்கிய படகுகள் உருவாயின. அவற்றின் அகலம் ஏழு அடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ எழுபது அடி வரை செல்லும். 'நேரோபோட்' என்பது அவற்றின் பெயர். படகை இழுத்த குதிரைகள் நடப்பதற்காகக் கரையோரம் அமைந்த இழுவைப்பாதைகள் இன்று நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் வழியாகப் பயன்படுகின்றன.

தெரியுமா?

*மேட்டு நிலத்தில் படகு ஏறுவது எவ்வாறு? கால்வாயின் குறுக்கே இருபுறமும் கதவுகள் கொண்ட ஓர் அறையைக் கட்டுவர். இதற்கு நீர்ப்பூட்டு என்று பெயர். தாழ்ந்த பக்கத்திலிருந்து படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவர். மேல்பக்கத்து நீரைச் சிறு மடைகள் வழியே அறைக்குள் விடுவர். நீர் உயர உயரப் படகும் உயரும். இருபுற நீர்மட்டமும் சமமானதும் முன்கதவு திறக்கும். இறங்குவதற்கு இதே செயல் தலைகீழாக நடைபெறும். மடைகளைத் திறக்கும் கைப்பிடியைப் படகினர் தம்முடன் எடுத்துச் செல்வர்.*

இருப்புப்பாதை வந்தது

1830-இல் லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1838-இல் லண்டன் – பர்மிங்காம் பாதை முழுமையடைந்தது. படகு பல நாள் சுமந்த சரக்கைத் தொடர்வண்டி சில மணி நேரத்தில் சேர்த்தது. கால்வாய் நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தன. ஆயினும் நிலைக்க இயலவில்லை. ரெடிங் நகரிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல் நீளும் கென்னட் – ஏவன் கால்வாய் 1810-இல் திறக்கப்பட்டது. அதற்குப் போட்டியாக எழுந்த கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை நிறுவனம் 1852-இல் அக்கால்வாயையே விலைக்கு வாங்கிவிட்டது.

போட்டியாளராக வந்த இருப்புப்பாதை, கால்வாயின் பக்கத்திலேயே தன் தடத்தை அமைத்துக்கொண்டது. இதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. படகுக்கும் தொடர்வண்டிக்கும் செங்குத்தான ஏற்றம் ஆகாது. இரண்டும் மலைகளைத் தவிர்த்து, ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்வான வெளிகளையும் நாடின. இரண்டும் ஒரே நகரங்களை, ஒரே தொழிற்சாலைகளை, ஒரே சந்தைகளைத் தேடிச் சென்றன. லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளைக் கடக்கக் கால்வாய்ப் பொறியாளர்கள் டிரிங் என்னும் ஊரருகே இருந்த தாழ்வெளியைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் வந்த ராபர்ட் ஸ்டீபன்சனின் இருப்புப்பாதையும் அவ்வழியே சென்றது. அதனால்தான் பெர்க்காம்ஸ்டெட் போன்ற ஊர்களில் தொடர்வண்டியை விட்டு இறங்கியதும் கால்வாய்க் கரையை அடைந்துவிடலாம். லண்டனின் பாடிங்டன் நிலையத்தை ஒட்டியும் படகுத்துறை உள்ளது. அதற்கு நீர்கொணரும் கால்வாய்க் கிளை 1801-இல், நிலையம் தோன்றுவதற்கு முன்பே திறக்கப்பட்டது.

மீட்டவர்கள்

1948-இல் இருப்புப்பாதைகளும் பெரும்பாலான கால்வாய்களும் அரசுடைமையாயின. அப்போது கால்வாய்கள் பல தூர்ந்து கிடந்தன. 1962–63 குளிர்காலத்தில் நீர்வழிகள் வாரக்கணக்கில் உறைந்துபோக, எஞ்சியிருந்த சரக்குப் படகுத் தொழிலும் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

அழிவின் விளிம்பில் நின்ற நீர்வழிகளைக் காக்க எழுந்தவர்களுள் டாம் ரோல்ட் குறிப்பிடத்தக்கவர். தம் படகுப் பயணத்தைக் குறித்து அவர் எழுதிய நூல் 1944-இல் வெளிவந்தது. அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் அவருக்கு மடல் எழுதினார். அவர்களுடைய முயற்சியால் 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. வேல்சு நாட்டில் மூடப்படவிருந்த டாலிலின் சிற்றிருப்புப்பாதையைத் தன்னார்வலர்கள் 1951 முதல் இயக்கத் தொடங்கினர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவரும் டாம் ரோல்ட்தான். கால்வாயும் இருப்புப்பாதையும் பகைவர்கள் என்று வரலாறு எழுதிய பக்கத்தில், இரண்டையும் காத்தவராக ஒரே மனிதரின் பெயர் இடம்பெற்றது.

தன்னார்வலர்களின் பல்லாண்டு உழைப்பால் கென்னட் – ஏவன் கால்வாய் தூர்வாரப்பட்டு, 1990-இல் அரசி இரண்டாம் எலிசபெத்தால் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. 2012 முதல் இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் நீர்வழிகளுள் ஏறத்தாழ 2,000 மைல் 'கால்வாய், ஆறு அறக்கட்டளை'யின் பொறுப்பில் உள்ளது.

ஒருவழிப் பயணத்தின் கணக்கு

கால்வாயில் படகின் உச்ச வேகம் பொதுவாக மணிக்கு நான்கு மைல். படகினர் பயணத்தைத் திட்டமிட எளிய கணக்கு ஒன்றைக் கையாளுகின்றனர். மணிக்கு மூன்று மைல் எனக் கொண்டு, ஒவ்வொரு நீர்ப்பூட்டையும் ஒரு மைலாக எண்ணுவர். பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்னும் ஊரிலிருந்து டிவைசஸ் நகர் வரை கால்வாய்வழி ஏறத்தாழ 11 மைல். இடையில் 36 நீர்ப்பூட்டுகள் உள்ளன. அவற்றுள் 29, டிவைசஸ் நகருக்கு ஏறும் கேன் குன்றின் சரிவில் படிக்கட்டுகள்போல் அமைந்தவை. இரண்டையும் கூட்டினால் 47. மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 16 மணி நேரம். பகலில் மட்டும் ஓட்டுவோருக்கு இது இரண்டு, மூன்று நாள் பயணம்.

டிவைசஸ் சேர்ந்தவர் புறப்பட்ட ஊருக்குத் திரும்ப வேண்டுமெனில் என்ன செய்வார்? மகிழுந்தைக் கொண்டுவந்திருந்தால் அது பின்னாலேயே நின்றுவிட்டது. படகோ முன்னே வந்துவிட்டது. இச்சிக்கலைப் பேருந்து தீர்க்கிறது. டிவைசஸிலிருந்து பேருந்தில் ட்ரோபிரிட்ஜ் சென்று, அங்கிருந்து தொடர்வண்டியில் ஒரே ஒரு நிறுத்தம் கடந்தால் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் வந்துவிடும். நாள்கணக்கில் கடந்த வழியை ஒரு காலைப் பொழுதில் திரும்பக் கடக்கலாம். தொடர்வண்டியில் வந்து ஓர் ஊரில் படகேறி, வேறோர் ஊரில் இறங்கித் தொடர்வண்டியிலேயே வீடு திரும்புவோருக்கு மகிழுந்துக் கவலையே இல்லை.

இத்தகைய பயணத்துக்கு இரண்டு வகை நிலப்பட அறிவு தேவை. கால்வாயின் மேல் செல்லும் பாலங்களுக்கு எண்கள் உண்டு. படகினர் தாம் நிற்கும் இடத்தைப் பால எண்ணால் குறிப்பிடுவர். பேருந்தோ சிற்றூர்ப் பெயர்களையும் சாலைச் சந்திப்புகளையும் கொண்டு நிற்கும். எந்தப் பாலத்தில் கரையேறினால் எந்த நிறுத்தத்தை அடையலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பவரே நண்பர்களைக் குறித்த நேரத்தில் சந்திப்பார். ஏவன்கிளிஃப் போன்ற சிறு நிலையங்களில் தொடர்வண்டி தானாக நிற்பதில்லை. நடைமேடையில் நிற்பவர் ஓட்டுநருக்குக் கைகாட்ட வேண்டும். நீர் ஆற்றுக்கு மேலே பாலத்தில் ஓட, அதன் அடியில் தண்டவாளம் செல்லும் அவ்வூரில் இரு வழிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

பதினான்கு நாள் வீடு

விடுமுறைக்கு வருவோருக்குத் தொடர்வண்டியும் பேருந்தும் வசதி. படகையே வீடாகக் கொண்டோருக்கு அவை வாழ்வாதாரம். நிலையான கட்டுத்துறை இல்லாத படகுகள் ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கலாகாது. தக்க காரணம் இருந்தால் மட்டுமே கூடுதல் நாள்கள் கிடைக்கும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி இது. இதன்படி வீடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் நகர வேண்டும். அலுவலகம் நகராது, பள்ளி நகராது, மருத்துவமனையும் நகராது.

பாத் நகரில் பணிபுரியும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய படகு பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் நிற்கும்போது தொடர்வண்டி அவரை ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் பணியிடத்தில் சேர்க்கும். படகு கேன் குன்றைக் கடந்து கிழக்கே சென்றால் நிலைமை மாறும். டிவைசஸுக்கு அப்பால் நீர்ப்பூட்டே இல்லாத 15 மைல் நீர்நிலை விரிகிறது. வயல்களுக்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் இடையே அமைந்த அழகிய பகுதி அது. ஆனால், பியூசி என்னும் ஊரை நெருங்கும்வரை தொடர்வண்டி நிலையம் எதுவும் இல்லை. அங்கு நிற்கும் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்பவரும் பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் சிற்றூர்ப் பேருந்தையே நம்பியிருக்கின்றனர். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதே அவர்களின் பணிநேரத்தை முடிவு செய்கிறது.

பேருந்து நின்றுவிட்டால்

டிவைசஸ் நகருக்கு ஒரு காலத்தில் தொடர்வண்டி நிலையம் இருந்தது. 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கை, வருவாய் குறைந்த 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. அவ்வலையில் டிவைசஸ் பாதையும் 1966-இல் மூடப்பட்டது. லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவையை 1986 முதல் தனியார் நிறுவனங்கள் தம் விருப்பப்படி நடத்தத் தொடங்கின. வருவாய் தரும் வழித்தடங்களை அவை எடுத்துக்கொண்டன. வருவாய் தராதவை உள்ளாட்சி அமைப்புகளின் உதவித்தொகையால் ஓடுகின்றன. உதவித்தொகை குறைந்தால் முதலில் மறைவன மாலைநேரப் பேருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தும்தான்.

ஒரு சிற்றூரில் பேருந்து நின்றுவிட்டால் மகிழுந்து உள்ளவர் அதை உணராமலும் இருக்கக்கூடும். படகில் வாழ்பவரிடம் மகிழுந்து இருந்தாலும் சிக்கல் தீராது. படகு நகரும்போதெல்லாம் அதையும் பின்னாலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதியவர், மாணவர், குறைந்த ஊதியம் பெறுபவர் ஆகியோருக்கு அவ்வழியும் இல்லை. வேலையைக் காக்க ஓரிடத்திலேயே தங்கினால் விதியை மீற நேரும். விதியைக் காக்க நகர்ந்தால் வேலையை இழக்க நேரும். ஒரு பேருந்து இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக அமைகிறது. அதன் மதிப்பைப் பயணச்சீட்டு வருவாயால் மட்டும் அளந்துவிட முடியாது.

டிவைசஸில் மனித உழைப்பால் நீர் திரும்பி வந்தது, தண்டவாளம் திரும்பவில்லை. ஊருக்குள் வரும் பேருந்தே அந்நீரை ஏனைய உலகத்தோடு இணைக்கிறது. கால்வாயைத் தூர்வாரியவர்கள் மண்ணை அகற்றிப் படகுக்கு வழி தந்தனர். அப்படகை மக்கள் சென்றடையும் வழியையும் காப்பது அப்பணியின் மறுபாதி.

கற்பவை கற்றபின்...

1. கால்வாயும் இருப்புப்பாதையும் பல இடங்களில் அருகருகே அமைந்ததற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. 9 மைல் தொலைவும் 12 நீர்ப்பூட்டுகளும் உள்ள கால்வாய்ப் பயணத்துக்கு ஆகும் நேரத்தைப் பாடத்தில் கூறிய முறையில் கணக்கிடுக.

3. உங்கள் ஊருக்கு வரும் கடைசிப் பேருந்தை நம்பியிருப்பவர்கள் யாவர் எனக் கேட்டறிந்து, அப்பேருந்து நின்றுவிட்டால் ஏற்படும் விளைவுகளைப் பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.