உதவி கேட்டவரின் விவரம் எந்தச் செயலியில் இருக்க வேண்டும்?



ஜகாத் உதவி கேட்டு வரும் குடும்பம் ஆதார் நகல், மருத்துவச் சீட்டு, கடன் விவரம் எல்லாவற்றையும் நம்மை நம்பித் தருகிறது. அதைப் படமெடுத்து முப்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டால், முப்பது கைப்பேசிகளுக்கும் போய்விடும். விருத்தாசலம் சிறிய ஊர். செராமிக் பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்பவரே அந்தக் குழுவிலும் இருக்கலாம். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே சிறந்தது என்கிறது அல்குர்ஆன் 2:271. வாங்குபவரின் மானமும் நம்மிடம் உள்ள அமானிதமே.

செயலிகளில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, தனிப்பட்ட செய்திச் செயலி. வாட்ஸ்அப், சிக்னல் இவ்வகை. இவற்றில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் உள்ளது. செய்தியை அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கலாம். செயலியை நடத்தும் நிறுவனம்கூடப் படிக்க முடியாது. ஆனால் பெற்றவர் அதைப் பிறருக்கு ஃபார்வேர்டு செய்வதை இந்தப் பாதுகாப்பு தடுக்காது. அவர் குழுவிலிருந்து விலகினாலும் படம் அவரிடமே இருக்கும்.

இரண்டாவது, அலுவலகக் குழுச் செயலி. ஜோஹோ கிளிக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இவ்வகை. இங்கே கணக்கு அமைப்புக்குச் சொந்தம். எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கலாம். பொறுப்பாளர் மாறினால் அவர் கணக்கை மூடிவிடலாம். கோப்புகள் அமைப்பிடமே இருக்கும். ஆனால் உரையாடல்களை எடுத்துப் பார்க்க நிர்வாகிக்கு வழி உண்டு. ஆகவே குடும்பப் பேச்சுக்கு இது ஏற்றதல்ல.

தமிழ்நாட்டின் ஜோஹோ நிறுவனமே இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: அலுவலகத்துக்குக் கிளிக், மற்றவர்களுக்கு 2021-இல் வந்த அரட்டை. 2025 செப்டம்பரில் ஏராளமானோர் அரட்டைக்கு மாறியபோது, அதில் அழைப்புகளுக்கு இந்த என்கிரிப்ஷன் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நம்மூர்ச் செயலி என்பது மகிழ்ச்சிதான்; ஆனாலும் பாதுகாப்பைக் கேட்டறிந்தே சேர வேண்டும்.

நாம் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

1. கூட்ட நேரம், ஜனாஸா அறிவிப்பு: வாட்ஸ்அப் குழு போதும்.

2. விண்ணப்பம், கணக்கு, ரசீது: அலுவலகச் செயலியில், பொறுப்பாளர் இருவர் மூவர் மட்டும் பார்க்கும்படி.

3. குடும்பப் பிரச்சினை, நோய் பற்றிய பேச்சு: ஒருவருக்கொருவர் தனிச்செய்தியில் அல்லது நேரில்.

குழுவில் எழுத வேண்டி வந்தால் பெயர் வேண்டாம். விண்ணப்ப எண் போதும்.

அமானிதங்களைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.