பனிக்கடலில் கப்பல்: ஆபத்தை அளக்கும் முறை

நம் நாட்டின் முதல் அண்டார்டிக் ஆய்வுக் குழு, டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டு வாடகைக் கப்பலில் புறப்பட்டது. இன்று மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு வேண்டிய எரிபொருளும் உணவும் பெரும்பாலும் கப்பலிலேயே செல்கின்றன. அவ்வழியில் பனிக்கட்டி எங்கெங்கு உள்ளது என்பதை அறியச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. பெங்களூரில் உருவாக்கப்பட்டு, 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்ட இ.ஓ.எஸ்.-04 அத்தகையது. அதன் ராடார் மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும்.

ஆனால், பனி இருக்கும் இடத்தை அறிவது வேறு; குறிப்பிட்ட கப்பல் அதைத் தாங்குமா என அறிவது வேறு. கடற்பனி ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பை இழந்து கெட்டிப்படும். ஆகவே பனியின் பரப்பை மட்டுமன்றி வயதையும் கணக்கிட வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள துருவக் கடல் விதித்தொகுப்பை ஒட்டி, சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒரு கணக்கு முறையை வழங்கியுள்ளது. கப்பலின் வலிமைக்கேற்ப ஒவ்வொரு பனி வகைக்கும் ஒரு மதிப்பு உண்டு. பனியற்ற நீருக்கு 3; ஒரு கெட்டிப் பனிக்கு −3 என வைத்துக்கொள்வோம். கடற்பரப்பில் பத்தில் நான்கு பங்கு நீர், ஆறு பங்கு பனி எனில், 12இலிருந்து 18 போக −6. துருவத் தரம் பெற்ற கப்பல் வேகத்தைக் குறைத்துச் செல்லலாம். பனிக்கென வலுவூட்டப்படாத கப்பலோ, தனிப் பரிசீலனையின்றி அங்கு நுழையலாகாது.

இக்கணக்கில் அடங்காதவையும் உண்டு. 1989 ஜனவரியில், அர்ஜென்டினாவின் ‘பாஹியா பராய்சோ’ என்னும் சரக்குக் கப்பல் அண்டார்டிக் தீபகற்பத்தருகே பாறையில் மோதியது. கப்பலில் இருந்தோர் உயிர் பிழைத்தனர். ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கலந்து, கடற்பறவைகளையும் சிப்பியினங்களையும் பாதித்தது. அக்கப்பல் சென்றது, நம் கப்பல்கள் செல்வதைப் போலவே, நிலையங்களுக்குப் பொருள் வழங்கத்தான் என்பது கவனிக்கத்தக்கது. கனரக எரி எண்ணெய் 2011 ஆகஸ்டு முதல் அண்டார்டிக் கடலில் தடை செய்யப்பட்டுள்ளது. டீசல் விரைவில் ஆவியாவது என்றாலும், குளிர் அதனைத் தாமதப்படுத்தும்.

மீட்புக்கு வருவோருக்கும் பனி ஒன்றே. 2013 டிசம்பரில் பனியில் சிக்கிய ரஷ்யக் கப்பலுக்கு உதவச் சென்ற சீனக் கப்பலும் சிக்கிக்கொண்டது. எனவே, உதவி வரும் வரை பயணிகள் உயிர் தாங்குவதற்கான ஏற்பாடும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். வாடகைக் கப்பலின் ஒவ்வொரு நாளுக்கும் பெருஞ்செலவு ஆவதால், பனி விலகக் காத்திராமல் முன்னேறும் நெருக்கடி எழுவது இயல்பு. காத்திருக்கக்கூடிய நாள்களுக்கான வாடகையைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்துவிட்டால், கப்பல் தலைவர் அந்த நெருக்கடியின்றி முடிவெடுக்க இயலும்.