தோட்டக் கிணற்று மோட்டாரும் மின்கம்பியின் தடையும்

புளியங்கூடல் முதலிய வேலணைத் தீவுக் கிராமங்களில் ஆறு இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகிய தோட்டப் பயிர்களுக்குக் கிணற்று நீரே ஆதாரமாகும். முற்காலத்தில் துலாவினால் இறைத்தனர். இக்காலத்தில் மின்மோட்டார் பூட்டிய பொறியினால் இறைப்போர் பலர். பொறி தளர்ந்து இறைத்தாலும், மோட்டார் அடிக்கடி சூடேறினாலும், "மோட்டார் போதாது; பெரியதொன்று வாங்குவோம்" என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு பணத்தைச் செலவிடுமுன் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தல் வேண்டும். அக்கணக்கை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

1. அறியவேண்டிய அளவுகள்

தொட்டியில் நீர்மட்டம் உயர உயர, வாய்க்காலில் நீர் விசையுடன் பாயும். அம்மட்டத்தை ஒத்தது மின்னழுத்தம். இதனை உவோற்றில் அளப்பர். பாயும் நீரை ஒத்தது மின்னோட்டம். இதன் அலகு அம்பியர். ஒடுங்கிப் புல் முளைத்த வாய்க்கால் நீரைத் தடுப்பதுபோல, மெல்லிய நீண்ட கம்பி மின்னோட்டத்தைத் தடுக்கும். இதுவே தடை, இதன் அலகு ஓம். இவ்வலகு, 1827 ஆம் ஆண்டில் தமது விதியை நூல்வடிவில் வெளியிட்ட ஜேர்மனிய அறிஞர் ஓம் என்பவரின் பெயரைக் கொண்டது.

தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

வலு = மின்னழுத்தம் × மின்னோட்டம்

வலுவின் அலகு உவாற்று. 1000 உவாற்று வலு ஒரு மணிநேரம் செலவாயின், மின்மானியில் ஓர் அலகு ஏறும்.

2. கம்பியின் தடையைக் காணல்

வீட்டு மின்பலகையிலிருந்து 60 மீற்றர் தூரத்திலுள்ள கிணற்றடிக்கு ஒரு மெல்லிய கம்பி இழுக்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். மின்னோட்டம் போவதற்கு ஒரு கம்பியும் திரும்புவதற்கு ஒரு கம்பியும் வேண்டுமாதலால், கம்பியின் நீளம் 120 மீற்றராகும்.

மோட்டாரைக் கழற்றிவிட்டு, கிணற்றடியில் ஒரு மின்கேத்தலை இணைத்து அளக்கவேண்டும். அளவுகள் பின்வருமாறு இருந்தன என்க:

மின்பலகையில் அழுத்தம்: 231 உவோற்று
கிணற்றடியில் அழுத்தம்: 220 உவோற்று
மின்னோட்டம்: 5 அம்பியர்

கேத்தலின் தடை 220 ÷ 5 = 44 ஓம். அதன் வலு 220 × 5 = 1100 உவாற்று.

எஞ்சிய 11 உவோற்றைக் கம்பியே விழுங்கிற்று. ஆகவே கம்பியின் தடை 11 ÷ 5 = 2.2 ஓம். கம்பியில் வெப்பமாக வீணாகும் வலு 11 × 5 = 55 உவாற்று.

3. மோட்டாருக்கு இக்கணக்கு பொருந்துமா?

நேராகப் பொருந்தாது. சுழலும் மோட்டாரின் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் தடையன்று. வலுவைக் காண்பதற்கும் வலுக்காரணி என்னும் எண்ணால் மேலும் பெருக்கவேண்டும். 230 உவோற்றில் 6 அம்பியர் எடுக்கும் மோட்டாரின் வலுக்காரணி 0.8 ஆயின், அது கொள்ளும் வலு 230 × 6 × 0.8 = 1104 உவாற்று. மோட்டாரை விட்டுக் கேத்தலை வைத்துக் கம்பியை அளந்தமைக்குக் காரணம் இதுவே.

கம்பியின் தடை தெரிந்தபின், அதில் உண்டாகும் வெப்பத்தை எளிதிற் காணலாம்: 6 × 6 × 2.2 = ஏறக்குறைய 79 உவாற்று. நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் இறைத்தால் வீணாவது கால் அலகளவே. மின்கட்டணத்தில் இது பெரிதன்று. பெருங்கேடு மோட்டார் புறப்படும்போது நேர்கின்றது. அக்கணத்தில் மோட்டார் வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்து மடங்குவரை எடுக்கக்கூடும். 30 அம்பியர் ஓடினால் கம்பி விழுங்கும் அழுத்தம் 30 × 2.2 = 66 உவோற்று. மோட்டாரின் சுழற்றும் விசை அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 230 உவோற்று 180 ஆகத் தாழ்ந்தால், விசை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும். மோட்டார் புறப்படமாட்டாது முனகி நின்று, சுருள் கருகுவது இதனாலேயாம். வெங்காயம் நீர்கேட்கும் நாளில் இது நேர்ந்தால், பயிரும் சேர்ந்து வாடும்.

4. பரிகாரம்

கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை நான்கு மடங்காக்கினால் தடை நான்கிலொன்றாகும். 2.2 ஓம் 0.55 ஓமாகவும், 79 உவாற்று இழப்பு 20 உவாற்றாகவும் குறையும். தளர்ந்த இணைப்புகளும், கடற்காற்றினாற் பச்சை படிந்த முனைகளும் தடையைக் கூட்டும். அவற்றைத் துப்புரவாக்கி இறுக்குக. வீட்டு மின்பலகையிலேயே அழுத்தம் மிகக் குறைவாயின், மின்சாரம் வழங்குவோருக்கு அறிவிக்குக.

5. பெரிய மோட்டாரின் தீங்கு

அதே கம்பியில் 12 அம்பியர் எடுக்கும் மோட்டாரைப் பூட்டினால் இழப்பு 12 × 12 × 2.2 = 317 உவாற்றாகும். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும்.

மேலும், நமது தீவின் சுண்ணக்கற்பாறையில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கலாம் என்பது அறிஞர் கண்ட விகிதம். மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர் பெரிதும் மேலெழக்கூடும். விரைந்து இறைக்கும் பெரிய பொறி அதற்கு வழிசெய்யும். கருகிய மோட்டாரை மாற்றலாம். உவரேறிய கிணற்றை மீட்பது அரிது.

6. எச்சரிக்கை

அளவெடுத்தலையும் கம்பி மாற்றுதலையும் பயிற்சிபெற்ற மின்தொழிலாளரைக் கொண்டே செய்விக்குக. பிரதான ஆளியை நிறுத்தாமல் கம்பியைத் தொடலாகாது. கிணற்றடி ஈரநிலம், ஆதலால் புவியிணைப்பும், மின்கசிவு கண்டதும் சுற்றை அறுக்கும் ஆளியும் இன்றியமையாதவை.

பயிற்சி: மின்பலகையில் 229, கிணற்றடியில் 221 உவோற்று, கேத்தல் எடுப்பது 4 அம்பியர். கம்பியின் தடையும் அதில் வீணாகும் வலுவும் யாவை?

விடை: 2 ஓம், 32 உவாற்று.