ஊசிக்கும் ப்ரீஆம்ப்புக்கும் பொருத்தம்

இசைத்தட்டுக்கு மறுபடி மவுசு வந்ததிலிருந்து, டர்ன்டேபிள் வாங்கியவர்களைவிட அதற்கு யோசனை சொல்பவர்கள்தான் அதிகம். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அந்த ப்ரீஆம்ப் சேரும், இது சேரவே சேராது என்று ஜாதகம் பார்த்ததுபோல அடித்துச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் வராது, பிராண்டு பெயர்தான் வரும். பார்க்க வேண்டியதோ கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் அச்சாகியிருக்கும் நாலைந்து எண்கள். பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

"தாத்தா வீட்டு பிளேயர் ப்ரீஆம்ப் இல்லாமலே பாடியது. இப்போது எதற்கு?"

பாடியது உண்மைதான். எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரியான பெட்டி பிளேயர்களில் இருந்தது செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். ஊசி எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைவிட எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதற்கு ஏற்ப மின்னழுத்தம் வருவதால், தட்டில் பதியும்போது பாஸிலும் ட்ரெபிளிலும் செய்திருக்கும் ஏற்ற இறக்கமும் ஏறக்குறையச் சரியாகிவிடும்.

இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ்களில் எம்.எம். (மூவிங் மேக்னெட்) வகை தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். எம்.சி. (மூவிங் காயில்) வகையில் பெரும்பாலானவை அதிலும் பத்தில் ஒரு பங்குதான் தரும். தட்டு வெட்டும்போது பள்ளம் அகலமாகிவிடாமல் இருக்க பாஸைக் குறைத்தும், இரைச்சல் கேட்காமல் இருக்க ட்ரெபிளை ஏற்றியும் பதிகிறார்கள். 1954-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த இந்த வளைவை ப்ரீஆம்ப் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் இறக்கம். டர்ன்டேபிளை நேராக ஆக்ஸ் துளையில் சொருகினால் பாட்டு கொசு ரீங்காரமாகக் கேட்பது இதனால்தான். பிளேயருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்து, அதையும் ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் சொருகினால் திருத்தம் இரண்டு முறை நடக்கும்: ஒரே பாஸ், ஒரே கரகரப்பு. பின்புறத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ரிப்பேர்காரரைக் கூப்பிடும் முன் அதைப் பாருங்கள்.

"40 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு 40 ஓம் லோடு. அதுதான் மேட்சிங்."

எம்.சி. வாங்குபவர்களில் பாதிப் பேர் விழும் குழி இது. கார்ட்ரிட்ஜ் சுருளின் மின்தடையும், ப்ரீஆம்ப் அதற்குக் காட்டும் தடையான லோடும் சமமானால் சிக்னலில் சரிபாதி கார்ட்ரிட்ஜின் சுருளிலேயே தங்கிவிடும். அதாவது 6 டெசிபல் நஷ்டம். ப்ரீஆம்ப்பின் லோடு கார்ட்ரிட்ஜின் எண்ணைப் போல் சில மடங்காவது இருக்க வேண்டும். பத்து மடங்கு என்று ஒரு நாட்டுக்கணக்கு உண்டு. அது பாதுகாப்பான தொடக்கம், சட்டம் அல்ல.

டெனான் டி.எல்.-103-ஐ எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவாகி, இன்றும் விற்பனையில் இருக்கும் கார்ட்ரிட்ஜ். 0.3 மில்லிவோல்ட், 40 ஓம். எம்.எம். ப்ரீஆம்ப்பின் வழக்கமான பெருக்கம் 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு. வருவது 30 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபையருக்கு இது போதாது. 60 டெசிபல் இருந்தால் ஆயிரம் மடங்கு, 300 மில்லிவோல்ட். போதும். அதே 60 டெசிபலில் 5 மில்லிவோல்ட் எம்.எம். கார்ட்ரிட்ஜை மாட்டினால் 5 வோல்ட் வரும். உரத்த இடங்களில் ப்ரீஆம்ப் திணறித் தலை வெட்டுப்பட்ட ஒலிதான் கிடைக்கும். ஆகவே பெருக்கம் கூடக்கூட நல்லது என்பதும் கட்டுக்கதை.

கணக்கு சுவாரசியமாவது எம்.சி. கார்ட்ரிட்ஜுக்கும் எம்.எம். ப்ரீஆம்ப்புக்கும் நடுவே போடும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரில். 1:10 போட்டால் மின்னழுத்தம் பத்து மடங்கு ஏறும். ஆனால் ப்ரீஆம்ப்பின் வழக்கமான 47 கிலோ ஓம் லோடு பத்தின் வர்க்கமான நூறால் வகுபட்டு, கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். 1:20 போட்டால் 117 ஓம். 1:40 போட்டால் 29 ஓம்தான். சுருளில் தங்கும் நஷ்டத்தைக் கழித்தால் டி.எல்.-103-இலிருந்து முறையே சுமார் 2.8, 4.5, 5.1 மில்லிவோல்ட் வரும். 20-லிருந்து 40-க்குத் தாவியும் கிடைத்த கூடுதல் அரை மில்லிவோல்ட் சொச்சம். "பெரிய ரேஷியோ, பெரிய சவுண்டு" என்று விற்கிறவர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்ததில்லை.

"விலையுயர்ந்த கேபிள் மாற்றினேன், ட்ரெபிள் திறந்துகொண்டது!"

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சற்றுப் பொறுக்கவும். எம்.எம். கார்ட்ரிட்ஜில் கேபிள் உண்மையிலேயே ஒலியை மாற்றும். விலையால் அல்ல, கபாசிட்டன்ஸால்.

எம்.எம். கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு இண்டக்டன்ஸ் அதிகம். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ-யில் அது 550 மில்லிஹென்றி. இந்தச் சுருளும் அதன் பின்னால் வரும் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓரிடத்தில் மேடு கட்டும், அதற்கு மேல் ஒலி சரியும். அதன் தாளில் கேட்டிருப்பது 100 முதல் 200 பிக்கோஃபாரட். மொத்தம் 150 என்றால் அந்த இடம் 17,500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், தொல்லையில்லை. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஆர்மின் கம்பியும் கேபிளும் 150, ப்ரீஆம்ப்பின் உள்ளே 220, ஆக 370 என்றால் மேடு 11,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஜால்ரா சத்தம் குத்தும், பாடகியின் 'ஸ' சீறும், அதற்கு மேலே காற்றே இருக்காது. "இந்தக் கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் ஷார்ப்" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். பாவம், குற்றவாளி கம்பி. ஷூர் நிறுவனமோ தன் பல கார்ட்ரிட்ஜ்களுக்கு 200 முதல் 300 கேட்டது. ஒருவர் வீட்டில் மங்கலாகத் தெரிவது இன்னொருவர் வீட்டில் பளிச்சென்று கேட்பதில் மாயம் ஏதும் இல்லை.

குறைந்த வெளியீடு தரும் எம்.சி.-யின் சுருளுக்கு இண்டக்டன்ஸ் மிகக் குறைவு. அங்கே இந்தக் கணக்கு கேட்கும் எல்லைக்கு வெளியே போய்விடும், கேபிள் கவலை வேண்டாம்.

"ஹம் அடித்தால் ப்ரீஆம்ப் போச்சு."

பெரும்பாலும் எர்த் கம்பிதான். மாட்டுங்கள். ரேகா டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் தனி எர்த் கம்பியே கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

"வூஃபர் கோன் முன்னும் பின்னும் ஆடுகிறது, ப்ரீஆம்ப்பை மாற்றணும்."

இதற்கும் முதலில் ஆர்மைப் பாருங்கள். ஆர்ம், கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றின் மொத்த எடையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஊசலாடும். அந்த மொத்த எடையையும் நெகிழ்வையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து 159-ஐ அதால் வகுத்தால் அது கிடைக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸ் உத்தமம். 25 கிராம் கனத்த ஆர்மில், திருகோடு 7 கிராம் கார்ட்ரிட்ஜை, நெகிழ்வு எண் 25 உள்ளதை மாட்டினால் வருவது 5.6 ஹெர்ட்ஸ். வளைந்த தட்டின் ஆட்டம் இருக்கும் இடத்திலேயே போய் உட்கார்கிறது. அதே கார்ட்ரிட்ஜ் 10 கிராம் ஆர்மில் 8-ஐ நெருங்கும். ஜப்பானியத் தாள்களில் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள், கணக்குக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். ப்ரீஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் வூஃபர் அடங்கும். பள்ளத்துக்குள் ஊசியின் ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.