வயல்வெளியில் நடக்கும்போது...

● வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். புதிதாகச் சேறு பூசிய வரப்பை மிதித்தால் உடைந்து, தேக்கிய தண்ணீர் வடிந்துவிடும்.

● திறந்த படலைத் திரும்பச் சாத்துங்கள். ஆடு மாடு ஒருமுறை நுழைந்தாலே பயிர் வீண்.

● புதர் மண்டிய இடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கலாம். விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம்.

● இருட்டினால் டார்ச்சும் மூடிய காலணியும் கட்டாயம். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு; அது கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

● இடி இடித்தால் பனை, தென்னையின் அடியில் ஒதுங்காதீர்கள். அருகிலுள்ள கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

● மின்கம்பி அறுந்து கிடந்தால் நெருங்காதீர்கள். மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு (94987 94987) தகவல் சொல்லுங்கள்.

● பாட்டில், பாலித்தீனை வயலில் எறியாதீர்கள். உடைந்த கண்ணாடி நடவுக்கு இறங்குபவர் காலைக் கிழிக்கும்; பாலித்தீன் மாட்டின் வயிற்றை அடைக்கும்.